ஓட்ஸ் குக்கீ: நெய், பால், முட்டை இல்லாமல், கடல் காற்றிலும் நமத்துப்போகாமல்

இந்தக் குக்கீக்குக் கைத்திறமை பெரிதாக ஒன்றும் வேண்டாம். சப்பாத்தி மாவு பிசையத் தெரிந்தால் போதும். ஆனாலும் முதல் தடவை சுடுகிறவர்களுக்கு வருவது பெரும்பாலும் வரட்டி, இல்லையென்றால் களி. கடலூரில் என் வீட்டு அடுப்படியிலும் புதுச்சேரியில் உறவினர் வீடுகளிலும் பார்த்த வரையில், கெட்டுப்போன எல்லாத் தட்டுக்கும் காரணம் ஈரம்தான். ஓட்ஸுக்குள் போக வேண்டிய தண்ணீர் போயிருக்காது. அல்லது பழத்திலிருந்து வரக் கூடாத தண்ணீர் வந்திருக்கும். இரண்டும் சரியாக இருந்தால், சுட்டு முடித்த பிறகு காற்றின் ஈரம் டப்பாவுக்குள் புகுந்திருக்கும்.

கீழே உள்ள வரிசை முழுக்க அந்த ஈரத்தை எங்கே விடுவது, எங்கே தடுப்பது என்பதற்காகத்தான். பொருட்களை மாற்றிக்கொள்ளலாம், படிகளை முன்பின்னாக மாற்ற வேண்டாம்.

1. அளவு

35 கிராம் உருண்டையாக எடுத்தால் 19 குக்கீ வரும் கணக்கு இது.

ரோல்டு ஓட்ஸ் – 180 கிராம்
கோதுமை மாவு – 60 கிராம்
நாட்டுச் சர்க்கரை – 80 கிராம்
தேங்காய் எண்ணெய் – 80 கிராம்
ஆளி விதைப் பொடி – 2 மேசைக்கரண்டி
தண்ணீர் – 5 மேசைக்கரண்டி
பேரீச்சம்பழம், கொட்டை நீக்கியது – 60 கிராம்
உலர் திராட்சை – 40 கிராம்
முந்திரி – 50 கிராம்
வேர்க்கடலை – 30 கிராம்
பேக்கிங் பவுடர் – 1 தேக்கரண்டி
உப்பு – கால் தேக்கரண்டிக்குச் சற்றுக் கூடுதல்
ஏலக்காய்ப் பொடி, சுக்குப் பொடி – தலா கால் தேக்கரண்டி

மேசைக்கரண்டி என்றால் 15 மில்லி, தேக்கரண்டி என்றால் 5 மில்லி. மற்றதெல்லாம் தராசில். "டம்ளர் கணக்கில் சொல்லுங்களேன்" என்று கேட்பவர்கள் நிறையப் பேர். ஓட்ஸைத் தளர அள்ளினால் ஒரு எடை, டம்ளரைத் தட்டி நிரப்பினால் வேறு எடை. 30 கிராம் ஓட்ஸ் கூடினால் மாவு உதிரும், குறைந்தால் தட்டில் ஓடும். சின்ன எலக்ட்ரானிக் தராசு ஒன்று வாங்கிவிடுங்கள். இட்லிக்கு உளுந்து அளக்கவும் ஆகும்.

ஆரோக்கியம் பற்றி ஒரு வார்த்தை, இங்கேயே சொல்லிவிடுகிறேன். இந்த அளவில் ஒரு குக்கீக்குச் சுமார் 140 கலோரி வரும். சேர்க்கும் சர்க்கரை ஒன்றுக்கு 4 கிராம் அளவில் இருக்கும், பழத்தின் இனிப்பு தனி. மைதாவும் வனஸ்பதியும் இல்லை, நார்ச்சத்து உண்டு. அந்த வகையில் கடை பிஸ்கட்டை விட நல்லது. ஆனால் நாட்டுச் சர்க்கரையும் சர்க்கரைதான், பேரீச்சம்பழமும் இனிப்புதான். சர்க்கரை நோய் உள்ளவர்கள் "ஓட்ஸ்தானே" என்று நான்கைந்து சாப்பிட்டுவிடக் கூடாது.

2. வாங்கும்போது ஏமாறும் இடங்கள்

ஓட்ஸில் மூன்று நான்கு வகை உண்டு. வேண்டியது ரோல்டு ஓட்ஸ்: ஆவியில் வெந்து உருளையில் நசுங்கிய, தட்டையான முழுத் தகடு. இன்ஸ்டன்ட் ஓட்ஸ் இதையே இன்னும் மெல்லியதாக நசுக்கி நறுக்கியது. தண்ணீரைச் சட்டென்று குடித்துக் கூழாகிவிடும், குக்கீயில் கடிக்க ஒன்றும் மிஞ்சாது. ஸ்டீல் கட் ஓட்ஸ் நொய் போல இருக்கும், 15 நிமிடச் சூட்டில் வேகவே வேகாது, பல்லில் கல் மாதிரி நெருடும். பக்கத்து வீட்டுக் கல்லூரிப் பெண் ஒரு தடவை வீட்டில் இருந்ததைக் கொண்டு வந்து கலந்தாள். அடுப்பிலிருந்து சாம்பார் வாசனை வந்த பிறகுதான் அது மசாலா ஓட்ஸ் என்று தெரிந்தது. பாக்கெட்டைப் படித்துப் பார்த்து வாங்குங்கள்.

முந்திரிக்கு நமக்குக் கவலை இல்லை. கடலூரிலிருந்து பண்ருட்டி 25 கிலோமீட்டர் போல்தான். அந்தப் பக்கம் போனால் சாலையோரக் கடைகளில் முழுப் பருப்பு, பாதி, துண்டு என்று தரம் பிரித்து வைத்திருப்பார்கள். துண்டையே கேளுங்கள். நாம் எப்படியும் உடைக்கப் போகிறோம், முழுப் பருப்புக்கு ஏன் கூடுதல் காசு? ஒன்றை வாயில் போட்டுப் பாருங்கள். காறல் வாடை அடித்தால் பழைய சரக்கு; சுட்டால் அது இன்னும் எடுப்பாகத் தெரியும். வேர்க்கடலை, எங்கள் ஊர்ப்பக்கம் சொல்கிற மல்லாட்டை, பச்சையாகவே வாங்குங்கள். உப்புப் போட்டு வறுத்தது வேண்டாம்.

நாட்டுச் சர்க்கரை உதிரியாக இருக்க வேண்டும். பாக்கெட்டுக்குள்ளேயே கட்டி பிடித்திருந்தால் ஏற்கெனவே ஈரம் குடித்திருக்கிறது. அச்சு வெல்லம்தான் இருக்கிறது என்றால் கத்தியால் சீவித் தூளாக்குங்கள். பாகு காய்ச்சி ஊற்றாதீர்கள். பாகோடு போகும் தண்ணீர் மேலே உள்ள கணக்கில் இல்லை.

பச்சைப் புள்ளியை வைத்து முடிவு செய்வது இன்னொரு பெரிய தவறு. பச்சைப் புள்ளி சைவம் என்றுதான் சொல்லும். பால் பொருள், தேன் எல்லாம் அதற்குள் அடக்கம். விலங்குப் பொருள் எதுவும் கூடாது என்று இதைச் செய்பவர்கள் சாக்லேட் துண்டு, மார்ஜரின் போன்றவற்றைச் சேர்ப்பதாக இருந்தால் பின்பக்கத்தில் பால் பவுடர், மோர்ப் புரதம் ஏதாவது இருக்கிறதா என்று படிக்க வேண்டும். சர்க்கரைக்குப் பதில் தேன் ஊற்றினாலும் அது வீகன் ஆகாது.

பேக்கிங் பவுடர் டப்பா எப்போது திறந்தது என்று ஞாபகம் இருக்கிறதா? நம் ஊர்க் காற்றில் அது சீக்கிரம் செத்துவிடும். அரைக் கரண்டியை வெந்நீரில் போட்டுப் பாருங்கள். புஸ்ஸென்று நுரைத்தால் சரி, சும்மா கரைந்தால் புதிது வாங்குங்கள். பதிலுக்கு ஆப்பச் சோடாவை அதே அளவில் போட்டால் சோப்புச் சுவை வரும். அதன் காரத்தை முறிக்கப் போதுமான புளிப்பு இந்த மாவில் கிடையாது.

3. முந்தின நாள் வேலை: பருப்பும் பழமும்

இதை முந்தின நாள் மாலையே முடித்துவிடுங்கள். சுடும் நாளில் எல்லாவற்றையும் சேர்த்துச் செய்தால் சூடான பருப்பு மாவுக்குள் போகும், ஈரமான திராட்சையும் கூடவே போகும்.

முந்திரியையும் வேர்க்கடலையையும் தனித்தனியாக வறுக்க வேண்டும். ஒன்றாகப் போட்டால் கடலை பச்சை வாசனை போவதற்குள் முந்திரி கருகிவிடும். அடி கனமான வாணலியில், சின்னத் தீயில், கடலை தோல் வெடித்துப் பிரியும் வரை. முந்திரி ஓரத்தில் பொன்னிறம் தொடும்போதே இறக்கிவிடலாம், வாணலிச் சூட்டிலேயே இன்னும் கொஞ்சம் சிவக்கும். குக்கீயிலும் ஒரு தரம் வேகும் என்பதால் இங்கே முழுசாகச் சிவக்க விடாதீர்கள்.

வறுத்ததைத் தட்டில் பரப்பி நன்றாக ஆற விட்ட பிறகு மூடுங்கள். சூட்டோடு மூடினால் மூடியில் வியர்த்து, அந்தத் தண்ணீர் திரும்பப் பருப்பின் மேலேயே விழும், வறுத்தது வீண். கடலையைத் தோல் ஊதிவிட்டு, இரண்டையும் கடலைப் பாதி அளவுக்கு நறுக்குங்கள். பெரிய துண்டு இருக்கும் இடத்தில்தான் குக்கீ பிளக்கும்.

திராட்சையைக் கழுவியே ஆக வேண்டும், தூசு இருக்கும். கழுவி, வடித்து, வேட்டித் துணியில் பரப்பி இரவு முழுக்க மின்விசிறிக்குக் கீழே விடுங்கள். ஊற வைத்தால் நன்றாக உப்பும் என்று பலர் தண்ணீரில் போட்டுவிடுகிறார்கள். அந்தத் தண்ணீர் சுடும்போது வெளியே வந்து, திராட்சையைச் சுற்றி ஒரு வட்டம் வேகாமல் களியாக நிற்கும். ரொம்பக் காய்ந்து தோலாக இருந்தால் இட்லிப் பானையில் ஐந்து நிமிடம் ஆவி காட்டிவிட்டுத் துடைத்துக் காய வையுங்கள், அது போதும்.

பேரீச்சையில் சிரப்பு வழியும் ரகம் வேண்டாம். கையில் ஒட்டாமல் பிய்க்க வருகிற, சற்று உலர்ந்த ரகம்தான் வேண்டும். கத்தியில் எண்ணெய் தடவி நறுக்குங்கள். அளந்து வைத்த கோதுமை மாவிலிருந்தே ஒரு கரண்டி எடுத்துத் துண்டுகளைப் புரட்டி வையுங்கள். இல்லையென்றால் கலக்கும்போது எல்லாம் ஒரு மூலையில் கட்டியாகச் சேர்ந்து, ஒருவருக்கு முழுப் பேரீச்சை, இன்னொருவருக்கு வெறும் ஓட்ஸ் என்று ஆகும்.

டூட்டி ஃப்ரூட்டி சேர்க்கலாமா என்று கேட்பார்கள். பப்பாளிக்காயைச் சர்க்கரைப் பாகில் ஊற வைத்துச் சாயம் ஏற்றியது அது. ஆரோக்கியம் என்று ஆரம்பித்துவிட்டு அதில் முடிக்க வேண்டாம்.

4. ஓட்ஸை இரண்டாகப் பிரியுங்கள்

180 கிராமில் 60 கிராமை மிக்ஸியில் மாவாக்குங்கள். மீதி 120 கிராம் அப்படியே முழுசாக இருக்கட்டும். முழு ஓட்ஸ் கடிப்பதற்கு, பொடி அதைப் பிடித்து வைப்பதற்கு. எல்லாவற்றையும் முழுசாகப் போட்டால் ஆறியதும் கிரானோலா போல உதிரும். எல்லாவற்றையும் அரைத்தால் மாவு உருண்டை தின்பது போல இருக்கும்.

மிக்ஸி ஜார் எலும்பு போலக் காய்ந்திருக்க வேண்டும். காலையில் சட்னி அரைத்த ஜாரை அலசி உடனே போட்டால் அடியில் பசையாக ஒட்டும். விட்டு விட்டு நான்கு சுற்று போதும், சூடேற அரைக்காதீர்கள்.

மழைக்காலமாக இருந்தால், ஐப்பசி கார்த்திகையில், முழு ஓட்ஸை வாணலியில் சின்னத் தீயில் நான்கு நிமிடம் புரட்டி ஆற வைத்துக்கொள்வது என் வழக்கம். பாக்கெட் திறந்து நாளாகியிருந்தால் அதற்குள் ஏறிய ஈரமும் போகும், வாசனையும் கூடும்.

கோதுமை வேண்டாம் என்பவர்கள் அந்த 60 கிராமுக்கும் ஓட்ஸ் பொடியே போடலாம், சற்று உதிரியாக வரும். ஆனால் குளூட்டன் (கோதுமையில் உள்ள புரதம்) ஆகவே ஆகாது என்று மருத்துவர் சொன்னவர்கள் சாதாரண ஓட்ஸையும் நம்பக் கூடாது; கோதுமை ஓடும் ஆலையிலேயே அதுவும் ஓடியிருக்கலாம். குளூட்டன் இல்லை என்று அச்சிட்ட பாக்கெட்தான் வேண்டும்.

5. ஆளி விதைக் கூழ்

முட்டையின் வேலையை இது செய்கிறது. பொடித்த ஆளி விதை 2 மேசைக்கரண்டி, வெதுவெதுப்பான தண்ணீர் 5 மேசைக்கரண்டி, கலக்கி 15 நிமிடம். கரண்டியில் எடுத்தால் முட்டை வெள்ளை போல இழுத்துக்கொண்டு விழ வேண்டும்.

முழு விதையை ஊற வைத்தால் மேலே மட்டும் வழவழப்பாகும், மாவைப் பிடிக்கிற பலம் வராது. பொடித்தே ஆக வேண்டும். கடையில் பொடியாகவே கிடைக்கும், ஆனால் அந்தப் பொடி சீக்கிரம் காறிப்போகும். விதையாக வாங்கி, வேண்டும்போது அரைத்து, மீதியைக் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள்.

6. எண்ணெய், சர்க்கரை, கூழ்: முதலில் இவை மூன்றும்

நிறையப் பேர் தவறவிடும் படி இது. எல்லாவற்றையும் ஒரே பாத்திரத்தில் கொட்டிப் பிசைந்துவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் எண்ணெய் முதலில் ஓட்ஸின் மேல் படலமாக ஒட்டிக்கொள்கிறது, அப்புறம் வரும் தண்ணீர் உள்ளே இறங்குவதில்லை. விளைவு, வெளியே எண்ணெய்ப் பிசுக்கு, உள்ளே வறட்சி.

அகலமான பாத்திரத்தில் எண்ணெயும் சலித்த நாட்டுச் சர்க்கரையும் போட்டு விஸ்க்கால், இல்லையென்றால் மத்தால், ஒரு நிமிடம் அடியுங்கள். எண்ணெய் மேலே தனியாக நிற்கும், சர்க்கரை அடியில் மணலாகக் கிடக்கும். பயப்பட வேண்டாம். இப்போது ஆளி விதைக் கூழைச் சேர்த்து இரண்டு மூன்று நிமிடம் விடாமல் அடியுங்கள். கூழின் வழவழப்பு எண்ணெயையும் தண்ணீரையும் பிரியாமல் பிடித்துக்கொள்ளும். நிறம் மங்கி, பால் விட்ட புளிக்குழம்பு மாதிரி ஒரே கெட்டியாக ஆகிவிட்டால் சரி. உப்பு, ஏலக்காய், சுக்கு இங்கேயே போடுங்கள்.

தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழேதான் உறையும். நம் ஊரில் மார்கழி விடியற்காலை தவிர அது தண்ணீராகத்தான் இருக்கும். உறைந்திருந்தால் புட்டியை வெந்நீரில் நிறுத்தி இளக்குங்கள், சூடாக ஊற்றாதீர்கள். செக்கு எண்ணெய் என்றால் தேங்காய் வாசனை தூக்கலாக இருக்கும். எனக்கு அது பிடிக்கும். பிடிக்காதவர்கள் பாதி கடலை எண்ணெய் கலக்கலாம். நல்லெண்ணெய் வேண்டாம், மிளகாய்ப்பொடி ஞாபகம் வந்துவிடும்.

7. உலர்ந்ததை அதில் கொட்டுங்கள், பழம் கடைசியில்

கோதுமை மாவு, ஓட்ஸ் பொடி, பேக்கிங் பவுடர் மூன்றையும் தனியாக நன்றாகக் கலந்த பிறகு ஈரக் கலவையில் சேர்க்கவும். பேக்கிங் பவுடரை நேராக ஈரத்தில் போட்டால் ஒரே இடத்தில் நுரைத்து அடங்கிவிடும், ஒரு குக்கீ உப்பும், இன்னொன்று கசக்கும்.

மாவு பாதி கலந்ததும் முழு ஓட்ஸ். மரக்கரண்டியால் அடியிலிருந்து புரட்டுங்கள். சப்பாத்திக்குப் பிசைவது போல அழுத்திப் பிசைய வேண்டாம், கோதுமை இழுவை கண்டு குக்கீ ரப்பராகும். பருப்பும் பழமும் கடைசியில், நான்கு புரட்டு. முன்பே சேர்த்தால் பேரீச்சை மசிந்து மாவெல்லாம் ஒட்டும்.

இந்த நேரத்தில் மாவைப் பார்த்தால் தளர்வாக, சரிப்பட்டு வராது போலத் தோன்றும். மாவு கொஞ்சம் தூவலாமா என்று கை துறுதுறுக்கும். தூவாதீர்கள்.

8. அரை மணி நேரம் சும்மா இருங்கள்

ஈரத் துணியால் அல்ல, தட்டால் மூடி 30 நிமிடம் வையுங்கள். ஓட்ஸ் தண்ணீரை மெதுவாகத்தான் குடிக்கும். அது குடித்து முடித்த பிறகு மாவு தானாகக் கெட்டியாகும், விரலால் அழுத்தினால் பள்ளம் அப்படியே நிற்கும். பொறுக்காமல் மாவு தூவியவர்களுக்கு இந்த அரை மணிக்குப் பிறகு கிடைப்பது சிமெண்ட்.

சித்திரை வைகாசியில் அடுப்படியே 35 டிகிரியைத் தாண்டும்போது எண்ணெய் கசிந்து மாவு பளபளக்கும். அப்போது கடைசிப் பத்து நிமிடத்தைக் குளிர்பதனப் பெட்டியில் கழியுங்கள். அதற்கு மேல் வைக்காதீர்கள். தேங்காய் எண்ணெய் அங்கே கல்லாக உறையும், பிறகு உருட்டும்போது மாவு வெடிக்கும்.

9. உருட்டல், தட்டல், ஒரே ஒரு சோதனை

35 கிராம் என்பது பெரிய எலுமிச்சை அளவு. முதல் இரண்டை எடை போட்டு எடுங்கள், அப்புறம் கைக்கே பழகிவிடும். சின்னதும் பெரியதுமாக இருந்தால் சின்னது கருகும் நேரத்தில் பெரியது வெந்திருக்காது.

உருண்டையை நெருக்கிப் பிடித்து, தட்டில் வைத்து, உள்ளங்கையால் ஒரு சென்டிமீட்டர் கனத்துக்குத் தட்டுங்கள். வெண்ணெய்க் குக்கீ அடுப்பில் தானே இளகிப் பரவும். இது பரவாது, உள்ளே போன உருவத்திலேயே வெளியே வரும். உருண்டையாக விட்டால் நடுவில் பச்சை மாவு இருக்கும். ஓரம் விரிந்தால் விரலால் சேர்த்து மூடுங்கள், அதிரசத்துக்குச் செய்வது போலத்தான். மேலே தெரியும் திராட்சையை உள்ளே அழுத்திவிடுங்கள். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் திராட்சை கருகிக் கசக்கும்.

தட்டில் பட்டர் பேப்பர் விரிக்கலாம். ஆனால் வாங்கும்போது அது அடுப்புச் சூட்டைத் தாங்குமா என்று கேளுங்கள். மெழுகு பூசிய தாள் புகையும். தாள் இல்லையென்றால் எண்ணெய் தடவி லேசாகக் கோதுமை மாவு தூவினால் போதும்.

எல்லாவற்றையும் ஒரேயடியாக உள்ளே தள்ளாமல், ஒன்றை மட்டும் முதலில் சுடுங்கள். இதைச் சொன்னால் யாரும் கேட்பதில்லை, நானும் கேட்டதில்லை, இரண்டு முழுத் தட்டு வீணான பிறகுதான் கேட்டேன். அந்த ஒன்று ஆறியதும் உதிர்ந்தால் மீதி மாவில் ஒரு மேசைக்கரண்டி தண்ணீர் சேர்த்துப் பத்து நிமிடம் வையுங்கள். ஓடிப் பரவினால் ஒரு மேசைக்கரண்டி ஓட்ஸ் பொடி. நடு வேகவில்லை என்றால் இன்னும் மெல்லியதாகத் தட்டுங்கள். 18 குக்கீயைக் காப்பாற்ற ஒன்றைப் பலி கொடுப்பதில் நஷ்டமில்லை.

10. அடுப்பு

ஓடிஜி (மின்கம்பியால் சூடாகும் சின்ன ஓவன்): மேல் கம்பி, கீழ்க் கம்பி இரண்டும் எரிய, 170 டிகிரியில் 15 நிமிடம் முன்கூட்டியே சூடாக்குங்கள். நடுத் தட்டில் வைத்து 15 முதல் 17 நிமிடம். பத்தாவது நிமிடத்தில் தட்டை முன்பின்னாகத் திருப்புங்கள், பின்பக்கம் எப்போதும் சூடு அதிகம். குமிழ் காட்டும் எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். என் அடுப்பில் 170 வைத்தால் உள்ளே 190 ஓடுகிறது என்பது ஒரு அடுப்பு வெப்பமானி வாங்கித் தொங்கவிட்ட பிறகுதான் தெரிந்தது. அதுவரை என் கைராசியைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

நடுவில் மின்சாரம் போய்விட்டால் கதவைத் திறக்காதீர்கள். பாதி நேரம் தாண்டியிருந்தால் உள்ளிருக்கும் சூடே பெருமளவு வேகவைத்துவிடும். மின்சாரம் வந்ததும் ஐந்து நிமிடம் ஓட்டிப் பார்த்தால் போதும்.

மைக்ரோவேவ்: சூடான காற்றைச் சுழற்றும் கன்வெக்‌ஷன் உள்ளதாக இருந்தால் மட்டும். 160 டிகிரி, 14 நிமிடத்திலிருந்து பார்க்க ஆரம்பியுங்கள். உள்ளே விசிறி சுழல்வதால் சீக்கிரம் சிவக்கும். உலோகத் தட்டு வைப்பது வெறும் கன்வெக்‌ஷனில் மட்டுமே, மைக்ரோவேவ் கதிரும் சேர்ந்து ஓடும் முறையில் கூடாது. சாதாரண மைக்ரோவேவில் குக்கீ சுட முடியாது. ஆவியில் வெந்த கொழுக்கட்டைதான் வரும்.

வாணலி: ஓடிஜியும் மைக்ரோவேவும் இல்லாதவர்களுக்கு. அடி கனமான பழைய அலுமினிய அல்லது இரும்பு வாணலியில் அரை அங்குலம் கல் உப்பு பரப்பி, மேலே ஒரு முக்காலி வளையம் வைத்து, மூடி, நடுத்தரத் தீயில் பத்து நிமிடம் சூடாக்குங்கள். பிறகு தட்டை இறக்கி, சின்னத் தீயில் 20 முதல் 25 நிமிடம். நான்ஸ்டிக் பாத்திரத்தை இப்படி வெறுமனே காய்ச்சக் கூடாது, பூச்சு கெடும். குக்கர் என்றால் காஸ்கெட்டையும் வெயிட்டையும் கழற்றிவிடுங்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள்.

இங்கேயும் எதிரி ஈரம்தான். மூடியின் உள்பக்கம் ஆவி சேர்ந்து சொட்டும், சொட்டு விழுந்த குக்கீ வெளுத்துக் குழையும். மூடியைத் துணியில் சுற்றி, முனைகளை மேலே தூக்கி முடிச்சுப் போடுங்கள். துணி தீப்பக்கம் தொங்கவே கூடாது. கடைசி ஐந்து நிமிடம் மூடியை விரல் அகலம் திறந்து வைத்தால் மீதி ஆவியும் போய்விடும். மேல்பக்கம் பொன்னிறம் வராது, அடியில்தான் வரும். குக்கீயைத் திருப்பிப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

11. எடுக்க வேண்டிய நேரம்

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் அண்ணி வீட்டில் நடந்தது. 16 நிமிடம் ஆகி, ஓரம் சிவந்து, வீடெல்லாம் முந்திரி வாசனை. அண்ணி ஒன்றை விரலால் அழுத்திப் பார்த்தார். "மெத்துனு இருக்கே, இன்னும் வேகலையே" என்று கதவைச் சாத்திவிட்டார். நான் "அண்ணி, எடுத்துடலாம்" என்றேன். "இரும்மா, அஞ்சு நிமிஷம்" என்று சொல்லி, அப்புறம் இன்னொரு ஐந்து. சூட்டோடு சாப்பிட்டபோது எல்லோருக்கும் பிடித்தது. சாயங்காலம் அண்ணன் ஒன்றைக் காபியில் முக்கி வைத்துக் காத்திருந்தார், முழு டம்ளரும் ஆறிப்போயிற்று, குக்கீ அசையவில்லை.

கடலை மிட்டாய்ப் பாகு சூட்டில் வளையும், ஆறினால் இறுகும். இதிலும் அதே கதை. அடுப்பில் இருக்கும்போதே கெட்டியாகிவிட்டால் ஆறியபின் கல்தான். ஓரம் பொன்னிறமாகி, நடு இன்னும் மெத்தென்று, மேலே ஈரப் பளபளப்பு மட்டும் போயிருக்கும் அந்த நேரத்தில் எடுத்துவிட வேண்டும். நாட்டுச் சர்க்கரை ஏற்கெனவே பழுப்பு என்பதால் நிறத்தைப் பார்த்துக் கண்டுபிடிப்பது கடினம்; ஒன்றை மெல்லத் தூக்கி அடியைப் பாருங்கள்.

12. ஆற வைப்பதும் எடுத்து வைப்பதும்

பத்து நிமிடம் தட்டிலேயே இருக்கட்டும், உடனே தூக்கினால் உடையும். அதற்கு மேலும் தட்டில் விட்டால் அடியில் வியர்க்கும். கம்பி வலைக்கு மாற்றி 40 நிமிடம். வலை இல்லையா, முறத்தில் சல்லடையைக் கவிழ்த்து அதன் மேல் வையுங்கள்; அடியில் காற்று போக வேண்டும், அவ்வளவுதான்.

ஆறியதும் அன்றே டப்பாவில் போடுங்கள். தேவனாம்பட்டினம் பக்கம் கடலோரத்தில் வீடு உள்ளவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். அப்பளம் ஒரு மணி நேரத்தில் நமத்துப்போகும் ஊர். எவர்சில்வர் தூக்கு மூடி பார்க்க இறுக்கமாகத் தெரிந்தாலும் காற்றை விடும். ரப்பர் வளையமும் கிளிப்பும் உள்ள டப்பா, அடியில் ஒரு தாள். அப்படி வைத்தால் ஒரு வாரம், பத்து நாள் இருக்கும். மழைக்காலத்தில் ஐந்து நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நமத்தது என்றால் 150 டிகிரியில் ஐந்து நிமிடம் காட்டி மறுபடி ஆற விட்டால் திரும்பிவிடும்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் சுட வேண்டியதும் இல்லை. தட்டிய மாவைத் தாள் இடையிட்டு ஃப்ரீசரில் அடுக்கினால் ஒரு மாதம் நிற்கும். வெளியே எடுத்து 15 நிமிடம் விட்டுச் சுடுங்கள், இரண்டு நிமிடம் கூடுதலாக ஆகும்.

13. வாழைப்பழமும் பலாப்பழமும்

வாழைப்பழம் சேர்த்தால் அது மெத்தென்ற வேறொரு பண்டம், மொறுமொறுப்பை எதிர்பார்க்காதீர்கள். ஆளி விதைக் கூழை முழுக்க விட்டுவிட்டு, தோல் கறுக்கும் அளவுக்குப் பழுத்த கற்பூரவள்ளி அல்லது பூவன் 100 கிராம் மசித்துச் சேருங்கள், சர்க்கரையை 50 கிராமாகக் குறையுங்கள். பச்சைப்பழம் என்கிற மோரிஸ் வேண்டாம், தண்ணீர் அதிகம். கூழையும் பழத்தையும் இரண்டையும் போடுவதுதான் புதியவர்கள் செய்யும் தவறு, ஈரம் இரட்டிப்பாகும். இது இரண்டு நாள்தான் வெளியே தாங்கும், அப்புறம் குளிர்பதனப் பெட்டிதான்.

மாம்பழம், அன்னாசி, பப்பாளியைப் பச்சையாக நறுக்கிப் போட வேண்டாம், அத்தனையும் தண்ணீர்.

பலா மட்டும் விதிவிலக்கு, அதுவும் ஒரு வேலை செய்தால்தான். வெயில் காலத்தில் பண்ருட்டிப் பழம் வரும்போது கெட்டியான சுளையாக 150 கிராம் பொடியாக நறுக்கி, தண்ணீரே விடாமல் வாணலியில் சின்னத் தீயில் கிளறுங்கள். முதலில் தண்ணீர் விடும், பிறகு வற்றும், கால் மணி நேரத்தில் சுருண்டு கரண்டியில் ஒட்டிக்கொண்டு வரும். தட்டில் பரப்பி ஆற வைத்து, அதில் 60 கிராமைப் பேரீச்சைக்குப் பதிலாகச் சேருங்கள். சர்க்கரை 65 கிராம் போதும், ஏலக்காயை விட்டுவிடலாம், பலா வாசனைக்கு முன் அது நிற்காது. கொட்டையை எடுத்து வையுங்கள், கத்தரிக்காயோடு சேர்த்துக் காரக்குழம்பு வைக்கலாம்.